வழிவிட்டு நின்ற நிலையம்: புக்கிட் தீமா ரயில் நிலையத்தின் கதை

சிறு வயதில் பள்ளி விடுமுறை வந்தால் ஈப்போவில் இருந்த மாமி வீட்டுக்கு ரயிலில் போவோம். தஞ்சோங் பகாரில் காலை வண்டி. அம்மா கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலத்தை வண்டி நகரும் முன்பே பிரிக்கச் சொல்லி அடம் பிடிப்போம். வண்டி கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, வேகம் குறைந்து நின்றுவிடும். சன்னலில் எட்டிப் பார்த்தால் ஒரு சின்னச் செங்கல் கட்டடம், ஓட்டுக் கூரை, சுற்றிலும் மரங்கள். பெட்டி தூக்கும் ஆள் இல்லை, பலகாரம் விற்பவர் இல்லை. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவும் இல்லை.

“யாருமே இறங்கலையே அத்தா, பிறகு எதுக்கு இங்க நிக்குது?” என்று கேட்டேன்.

“எதிர்வண்டி வருதுப்பா. ஒத்தைத் தண்டவாளம். ஒருத்தர் நின்னாத்தான் ஒருத்தர் போக முடியும்” என்றார் அத்தா.

சிறிது நேரத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு வண்டி கடகடவென்று எங்களைக் கடந்து போனது. பிறகு எங்கள் வண்டி கிளம்பியது. அந்த நிலையம்தான் புக்கிட் தீமா.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, பள்ளிவாசல்கள் பற்றியும் பழைய கடைவீதிகள் பற்றியும் எழுத என்னைவிட அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு இந்தச் சின்ன நிலையம்தான் நினைவுக்கு வந்தது. ஏன் என்பதைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் சொல்கிறேன்.

முதல் பாதை

சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது 1903ஆம் ஆண்டு. அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை முதல் பகுதி திறக்கப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் பாதை உட்லண்ட்ஸ் வரை நீண்டது. வழியில் நியூட்டன், குளூனி போன்ற இடங்களில் சிறு நிலையங்கள் இருந்தன. உட்லண்ட்ஸில் இறங்கினால் எதிரே கடல். அங்கிருந்து படகில் ஏறி ஜோகூர் பாருவுக்குப் போய், மீண்டும் ரயில் பிடிக்க வேண்டும்.

அக்காலத்தில் புக்கிட் தீமா ஒரு கிராமம். சுற்றிலும் தோட்டங்கள், மலையில் கல்லுடைக்கும் குவாரிகள், சாலையோரம் சில கடைகள். டேங்க் ரோட்டிலிருந்து ரயிலில் வருவது நகரத்திலிருந்து நாட்டுப்புறத்துக்கு வருவதைப் போன்றது. இன்று அந்தச் சாலையின் இருபுறமும் அடுக்குமாடி வீடுகளைப் பார்ப்பவர்களுக்கு அதை நம்புவது கடினம்.

1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சிங்கப்பூரின் ரயில் பாதையும் அதற்குரிய நிலமும் மலாய் கூட்டு மாநிலங்களின் ரயில்வேக்கு மாற்றப்பட்டன. நிலத்தின் பெரும்பகுதிக்குக் குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். அன்று இரு பக்கமும் ஆங்கிலேயர் ஆட்சிதான் என்பதால் அது வெறும் நிர்வாக ஏற்பாடாகத் தெரிந்திருக்கும். 1965இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகு அந்த ஏற்பாட்டின் விளைவு தெரிந்தது. சிங்கப்பூரின் வயிற்றுக்கு நடுவே ஓடிய ரயில் பாதை வேறொரு நாட்டின் ரயில்வேயின் கையில் இருந்தது.

1923ஆம் ஆண்டு ஜோகூர் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் செப்டம்பரில் சரக்கு வண்டி, அக்டோபர் 1ஆம் தேதி முதல் பயணிகள் வண்டி. 1924 ஜூன் மாதம் பாலத்தின் அதிகாரபூர்வத் திறப்பு விழா, ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் முன்னிலையில் நடந்தது. அதன்பின் சிங்கப்பூரில் ஏறியவர் கடலில் இறங்காமல் கோலாலம்பூர், பினாங்குப் பக்கம் வரை போக முடிந்தது.

1932: புதிய பாதை, புதிய நிலையம்

பழைய பாதை நகரின் நடுவே தரைமட்டத்தில் ஓடியது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, ரயில் கேட்டுகளில் சாலை அடைபட்டது. துறைமுகத்துக்கும் அது நேராகப் போகவில்லை. ஆகவே புக்கிட் தீமாவிலிருந்து பாதையை மேற்குப் பக்கமாகத் திருப்பி, தங்ளின், அலெக்சாண்ட்ரா வழியாகத் தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். சாலைகளின் மேல் பாலம் கட்டியும், மேட்டை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும் போடப்பட்ட பாதை அது. ரயில் நின்று போன இடம் என்பதால் வந்த தங்ளின் ஹால்ட் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

1932 மே 2ஆம் தேதி தஞ்சோங் பகார் நிலையத்தை ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி திறந்து வைத்தார். உயர்ந்த மண்டபமும், முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் பளிங்குச் சிலைகளும் கொண்ட மாளிகை அது. அதே பாதை மாற்றத்தின்போது, அதே ஆண்டில், புக்கிட் தீமாவுக்கும் இப்போது நாம் காணும் நிலையம் கிடைத்தது. பழைய பாதை வழியே டேங்க் ரோட்டுக்குப் போன தண்டவாளங்கள் பின்னர் பிடுங்கப்பட்டன.

இரண்டும் ஒரே வயதுள்ள பிள்ளைகள். ஒன்றைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள், மற்றதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அந்தச் சின்ன நிலையத்தில் இருந்தவை

புக்கிட் தீமா நிலையம் ஒரே தளம் கொண்ட செங்கல் கட்டடம். சரிவான ஓட்டுக் கூரை. இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் மலாயாவின் சின்ன ஊர்களிலும் கட்டிய நிலையங்களின் அச்சு அதில் இருந்தது. நம் ஊர்ப் பக்கம் தென்காசிப் பாதையிலோ திருவாரூர்ப் பாதையிலோ சின்ன நிலையங்களில் இறங்கிப் பழகியவர்கள் இதைப் பார்த்தால் புதிதாக எதையும் பார்த்ததாக நினைக்க மாட்டார்கள். தண்டவாளத்தின் அகலமும் ஒன்றுதான். நம் ஊரில் அன்று ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகளைப் போலவே, மலாயாவின் வண்டிகளும் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலத்தில் ஓடின.

நிலைய அதிபர் அமரும் அறை, பயணிகள் நிற்க நிழல், நீண்ட நடைமேடை. கட்டடத்தின் ஒரு பக்கம் நெம்புகோல்கள் வரிசையாக நின்றன. ஒரு நெம்புகோலை இழுத்தால் கம்பி வழியாகத் தூரத்தில் இருக்கும் கைகாட்டி மரம் இறங்கும். இன்னொன்றை இழுத்தால் தண்டவாளத்தின் பிரிவு நகர்ந்து வண்டியை வேறு பாதையில் திருப்பும். மின்சார விளக்கும் கணினியும் வருமுன் உலகம் முழுவதும் ரயில்கள் இப்படித்தான் ஓடின. புக்கிட் தீமாவில் அந்த முறை இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருந்தது.

நிலையத்தின் முன்னால் ஒற்றைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து, சற்றுத் தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, மீண்டும் ஒன்றாகச் சேரும். அதற்கு லூப் லைன் என்று பெயர். நிலையத்தின் உயிரே அந்தப் பிரிவுதான். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் அங்கேதான் ஒன்றையொன்று கடக்க முடியும். அது இல்லையென்றால், தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட ஒரு வண்டி நாட்டின் மறுமுனைக்குப் போய்ச் சேரும் வரை எதிரே வர வேண்டிய வண்டி அசைய முடியாது.

நிலையத்துக்கு அருகில் ரயில்வே ஊழியர்கள் தங்கும் வீடு ஒன்றும் இருந்தது. சிறிது தூரத்தில் புக்கிட் தீமா சாலையைக் கடக்கும் பெரிய இரும்புப் பாலம். கீழே கார்கள் போக, மேலே ரயில் போகும். பிள்ளைகள் காரின் பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, இன்றைக்கு வண்டி வருமா என்று பார்த்த பாலம் அது.

சாவியும் வளையமும்

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வராமல் காப்பது எப்படி? நிலைய அதிபரின் நினைவாற்றலை நம்பி அதை விட முடியாது. அதற்குத்தான் டோக்கன் முறை.

அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஆளுக்கொரு கருவி இருக்கும். இரண்டும் கம்பி மூலம் இணைந்திருக்கும். கருவிக்குள் பல சாவிகள் அடுக்கியிருக்கும். தஞ்சோங் பகாரிலிருந்து வண்டியை அனுப்ப வேண்டுமானால், அங்குள்ள அதிபர் மணியடித்து புக்கிட் தீமாவிடம் வழி கேட்பார். இங்கே பாதை காலியாக இருந்தால் இவர் பதில் மணி அடித்துச் சம்மதம் தருவார். அப்போதுதான் அங்கே ஒரு சாவியை வெளியே எடுக்க முடியும். ஒரு சாவி வெளியே வந்துவிட்டால், இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். இன்னொரு சாவியை எந்தப் பக்கத்திலும் எடுக்க முடியாது. ஓட்டுநர் அந்தச் சாவியைக் கையில் வைத்திருந்தால்தான் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். புக்கிட் தீமாவுக்கு வந்து சாவியை ஒப்படைத்து, அதை இங்குள்ள கருவிக்குள் போட்ட பிறகே அடுத்த வண்டிக்கு வழி.

அதாவது, ஒரு பாதைக்கு ஒரே ஒரு சாவி. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே வழி. சண்டைக்கு இடமில்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை.

சாவியைத் தோல் பையில் போட்டு, பெரிய கம்பி வளையத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். வண்டி நிற்க வேண்டிய தேவை இல்லாதபோது, வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு வரும். நடைமேடையில் நிற்கும் ஊழியர் வளையத்தை நீட்டுவார். வண்டியிலிருந்து கையை நீட்டி அதைப் பிடித்துக்கொள்வார்கள். கடந்து வந்த பகுதியின் வளையத்தை நடைமேடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு கண நேர வேலை. கை தவறினால் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் சின்ன நிலையங்களிலும் இதே பழக்கம் இருந்தது. அங்கே பல பாதைகளில் சாவிக்குப் பதில் இரும்புக் குண்டு இருக்கும். அதைப் பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் மாட்டி ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். மலாயாவுக்கு வந்த நம் பெரியவர்கள் மொழி தெரியாமல், நாணயம் தெரியாமல் திகைத்திருக்கலாம். ஆனால் அந்த வளையத்தைப் பார்த்ததும் ‘நம்ம ஊர் ஸ்டேஷன்தான்’ என்று சொல்லியிருப்பார்கள்.

ரேஸ் கோர்ஸிலிருந்து வந்த குதிரைகள்

லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரைத் தினமும் சொல்கிறோம். குதிரைப் பந்தயம் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. 1840களிலிருந்து ஃபேரர் பார்க் திடலில்தான் பந்தயம் நடந்தது. சிராங்கூன் சாலைப் பக்கம் கால்நடை வணிகமும் தொழுவங்களும் இருந்த காலம். 1933இல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. புதிய நிலையம் திறந்த மறு ஆண்டு.

அதன்பின் சின்ன நிலையத்துக்குப் புதிய வேலை வந்தது. ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு என்று ஊர் ஊராகப் பந்தயத்துக்குப் போகும் குதிரைகள் புக்கிட் தீமா நிலையத்தில் ரயிலில் ஏற்றி இறக்கப்பட்டன. மனிதர் இறங்காத நடைமேடையில் குதிரைகள் இறங்கின. நம் பகுதியின் தெருப்பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு வரலாற்றின் மறுபாதி அந்த நிலையத்தில் இருக்கிறது.

போரும் தொழிற்பேட்டையும்

1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய ஆங்கிலேயப் படை கடற்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் புக்கிட் தீமாவைச் சுற்றிக் கடும் போர் நடந்தது. சில நாட்களில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிறகு இதே தண்டவாளத்தில்தான் போர்க் கைதிகள் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு வடக்கே அனுப்பப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நம் குடும்பங்கள் சிலவற்றிலும் ‘சயாமுக்குப் போனவர்’ என்று ஒரு பெயர் இருக்கும். அதற்கு மேல் அந்தப் பெயரைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஜூரோங் தொழிற்பேட்டை எழுந்தது. 1960களின் நடுவில் புக்கிட் தீமாவிலிருந்து ஜூரோங்குக்குச் சரக்கு ரயில் பாதை ஒன்று பிரிந்தது. தொழிற்சாலைகளின் சரக்கு அதில் போய்வந்தது. ஆனால் லாரிகளே வேலையை எடுத்துக்கொண்டன. 1990களில் அந்தக் கிளைப் பாதை மூடப்பட்டது.

தண்டவாளத்தில் தமிழ் வியர்வை

மலாயா ரயில்வேயின் தண்டவாளங்களைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தென்னிந்தியத் தொழிலாளர்களின் பங்கு பெரிது. நிலைய அதிபர், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தார்கள். கேங்மேன்கள் காலையில் தண்டவாளத்தின் வழியே நடந்து, தளர்ந்த ஆணியை அடித்து, கற்களைச் சீர்செய்து, புல்லை வெட்டி, மழையில் மண் சரிந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வண்டி நேரத்துக்கு வந்தால் ஓட்டுநரைப் பாராட்டுவோம். பாதையில் நடந்தவரை யாரும் கேட்டதில்லை.

தஞ்சோங் பகார் முனையில் நம் சமூகம் இருந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் பலர் அப்பகுதியைச் சுற்றிக் குடியிருந்து துறைமுகத்திலும் சிறு வணிகத்திலும் பிழைத்தார்கள். போருக்குப் பின், 1946இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் அந்தப் பகுதியில்தான் வளர்ந்தது. 1982இல் மூடப்படும் வரை எத்தனையோ பிள்ளைகள் அங்கே தமிழ் படித்தார்கள். பள்ளி விட்டு வரும்போது ரயிலின் ஊதல் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

இனி என் வீட்டுக் கதை. அத்தாவும் பெரியத்தாவும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சிறு கடை வைத்திருந்தார்கள். கடையை மூட முடியாது. ஆகவே ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இங்கே இருக்க வேண்டும். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினமோ சென்னையோ போய் இறங்கி, மீட்டர் கேஜ் வண்டி பிடித்து ஊர் சேர்ந்து, சில மாதம் இருந்துவிட்டு வருவார்கள். முறை மாறி மாறிப் போவது என்று பேச்சு.

அத்தாவுக்குக் கல்யாணம் ஆனது. பிறகு எங்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. அதற்காகப் பெரியத்தா தன் முறையை விட்டுக்கொடுத்தார். பிறகு கடைக்கு ஒரு சிக்கல் வந்தது, அடுத்த முறையையும் விட்டுக்கொடுத்தார். அவருடைய மகள் நடக்கப் பழகியதை அவர் கடிதத்தில்தான் படித்தார். ஊருக்குப் போய் இறங்கியபோது அந்தப் பிள்ளை அவரைப் பார்த்து அழுதுகொண்டு கதவுக்குப் பின்னால் ஓடியது என்று பெரியம்மா சொல்லுவார். கடையின் பெயர்ப்பலகையில் அத்தாவின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் அத்தாவின் படம் இருக்கிறது. பெரியத்தாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

ஈப்போ பயணத்தில் அத்தா எனக்குச் சொன்ன பதில், ரயிலைப் பற்றியது மட்டும் இல்லை என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அதைச் சொல்லும்போது அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வண்டி

ரயில் நிலத்தைப் பற்றி இரு நாடுகளும் நெடுங்காலம் பேசின. 1990 நவம்பரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் பொருளைப் பற்றிய கருத்து வேறுபாடு மேலும் இருபது ஆண்டுகள் நீடித்தது. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே நடந்தது. சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்ததாகக் கணக்கு வைக்கும் விந்தையை அக்காலத்தில் பயணம் செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2010 மே மாதம் பிரதமர்கள் லீ சியன் லூங், நஜிப் ரசாக் இருவரும் உடன்பாடு கண்டார்கள். தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ், புக்கிட் தீமா ஆகிய இடங்களின் ரயில் நிலங்களுக்கு ஈடாக மரீனா சவுத்திலும் ஓபிர்-ரோச்சோரிலும் நிலம் தரப்பட்டது. சுல்தான் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் டுவோ இரட்டைக் கோபுரங்கள், அந்தப் பரிமாற்றத்தில் கிடைத்த நிலத்தில்தான் எழுந்தன. பழைய தண்டவாளத்தின் விலை நம் கண்ணெதிரே கண்ணாடிக் கட்டடமாக நிற்கிறது.

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். கடற்பாலம் திறந்த நாளில் இருந்த சுல்தான் இப்ராஹிமின் கொள்ளுப் பேரர். புக்கிட் தீமாவிலும் பாதையின் ஓரங்களிலும் மக்கள் கூடி நின்று கையசைத்தார்கள். அன்றோடு நிலையத்தின் மணியும் சாவியும் ஓய்ந்தன.

தஞ்சோங் பகாரின் ஸ்டேஷன் கடைகளும் அந்த நாளோடு மூடப்பட்டன. பரோட்டாவும் தேநீரும் விற்றவர்கள், வெள்ளி மாற்றிக் கொடுத்தவர்கள், புத்தகம் விற்றவர்கள், எல்லாரும் பல ஆண்டுப் பிழைப்பை மூட்டை கட்டினார்கள். ஸ்பூனர் ரோட்டுக் குடியிருப்பில் இருந்த ரயில்வே குடும்பங்களும் கிளம்பின. கட்டடத்தைக் காப்பாற்றலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது. அங்கே இருந்தவர்களின் நினைவைக் காப்பாற்றும் பொறுப்பு அவரவர் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

இன்று

மூடுவதற்குச் சற்று முன், 2011 ஏப்ரலில் தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. மே மாதம் புக்கிட் தீமா நிலையம் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பெரும்பகுதித் தண்டவாளம் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையின் பெரும்பகுதி நடைபாதையாகிவிட்டது. புக்கிட் தீமா நிலையத்தின் முன்னால் சிறிது தண்டவாளத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். இரும்புப் பாலமும் நிற்கிறது. நிலையம் பழுதுபார்க்கப்பட்டு 2022 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உள்ளே சிறு காட்சிக்கூடம், ஊழியர் வீடு இருந்த இடத்தில் ஓர் உணவகம்.

நம் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் ரயிலில் ஏறினால், நியூட்டன், ஸ்டீவன்ஸ், பூமலை, டான் கா கீ, சிக்ஸ்த் அவென்யூ தாண்டி ஆறாவது நிறுத்தம் கிங் ஆல்பர்ட் பார்க். அங்கிருந்து சிறிது நடந்தால் நிலையம். 1903இல் நியூட்டன் வழியாகப் புக்கிட் தீமாவுக்குப் போன முதல் ரயிலும் ஏறக்குறைய இதே திசையில்தான் போனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். லூப் லைன் இருந்த இடத்தைக் காட்டி, இரண்டு வண்டிகள் இங்கே எப்படிக் கடந்தன என்று அவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். நடைமேடையில் உட்கார வைத்துக் கேளுங்கள்: முதன்முதலில் யார் வந்தார்கள்? யார் போட்ட பணத்தில் வந்தார்கள்? அவர் வரும்போது ஊரில் நின்றது யார்? இங்கே கடையைப் பார்த்துக்கொண்டது யார்? அந்தப் பெயர்களை அன்றைக்கே எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்புறம் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.

நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மேடையில் பேசியவர்களின் பெயர் இம்மலரில் இருக்கும். கூட்டம் முடிந்து பாய் சுருட்டியவர், சந்தா வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியவர், நோன்புக் கஞ்சிக்கு விடியும் முன்பே அரிசி கழுவியவர், தன் பிள்ளையின் விசேஷத்தைத் தள்ளி வைத்துச் சங்கத்தின் காரியத்தைப் பார்த்தவர், இவர்களின் பெயரை யாராவது சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். ஊரில் பெரியத்தாவின் மகளிடம் கேட்டேன். அவருடைய பழைய பாஸ்போர்ட் பெட்டிக்குள் கிடப்பதாகவும், அதில் படம் இருப்பதாகவும் சொன்னார். பிரதி எடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறார். வந்ததும் அத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.